‘இடமில்லை’ என்றால் காரணம் கேளுங்கள்!



சுவரில் கரித்துண்டால் படம் எழுதிய பிள்ளைக்குப் பிரம்படி கிடைத்த காலம் ஒன்று இருந்தது. “படம் போட்டால் வயிறு நிறையுமா?” என்று கேட்காத வீடு தோட்டத்தில் குறைவு. இன்று அந்தக் கேள்விக்கு விடை மாறிவிட்டது.

உங்கள் வீட்டுக் குழந்தைகள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து சிரிக்கும் ‘உப்பின் இப்பின்’ 2007-ல் தொடங்கியது. ‘போபோய்போய்’ 2011-ல் வந்தது. ‘ஏஜென் அலி’ 2016-ல் வந்தது. மூன்றும் வெளிநாட்டிலிருந்து இறங்கிய சரக்கல்ல. நம் நாட்டிலேயே உருவானவை. முகம் வரைகிறவர், வீடு மரம் வரைகிறவர், நடையும் ஓட்டமும் அமைக்கிறவர், வர்ணம் தீட்டுகிறவர், ஓசை சேர்க்கிறவர், கதை எழுதுகிறவர் என்று பலர் இப்படிப்பட்ட படங்களுக்குப் பின்னால் இருந்து மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். இவை தவிர விளம்பரம், புத்தக அட்டை, கல்யாணப் பத்திரிகை, வீடியோப் படம், வானொலி, மேடை அலங்காரம் என்று கற்பனையும் கைத்திறமையும் சோறு போடும் தொழில்கள் இன்னும் எத்தனையோ உண்டு.

இந்தத் தொழில்களுக்குள் நுழைய ஒரு வாசல் உண்டு. அதைத் தமிழில் தொழிற்பயிற்சி என்கிறோம். கல்லூரிப் பிள்ளைகள் ‘இன்டர்ன்ஷிப்’ என்றும் ‘லத்திஹான் இண்டஸ்திரி’ என்றும் சொல்வார்கள். இந்தக் கட்டுரை அந்த வாசலைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த வாசலைத் தட்டிவிட்டுப் பதில் வராமல் திரும்புகிற நம் பிள்ளைகளைப் பற்றியது.

இடம் கிடைக்காவிட்டால் என்ன நஷ்டம்?

பயிற்சிதானே, கிடைத்தால் கிடைக்கட்டும், கிடைக்காவிட்டால் போகட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பொலிடெக்னிக்கிலும் பல கல்லூரிகளிலும் டிப்ளோமா படிக்கிற பிள்ளை கடைசிப் பகுதியில் சில மாதங்கள் ஒரு நிறுவனத்தில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டால்தான் படிப்பு முடிந்ததாகக் கணக்கு. அந்த இடத்தைப் பெரும்பாலும் பிள்ளையே தேடிக்கொள்ள வேண்டும். விரிவுரையாளர் நிறுவனங்களின் பட்டியலைக் கொடுப்பார், கடிதம் கொடுப்பார். கதவைத் தட்டுவது பிள்ளையின் பொறுப்பு.

குறித்த நாளுக்குள் இடம் கிடைக்காவிட்டால் படிப்பு தள்ளிப்போகும். கடன் வாங்கிப் படிக்க வைக்கிற குடும்பத்துக்கு அது சிறிய விஷயமா? இன்னொரு பக்கமும் உண்டு. அவசரத்துக்குக் கிடைத்த இடத்தில் சேர்ந்துவிட்டு, படம் வரையப் படித்த பிள்ளை ஒரு கடையில் நகல் எடுத்துக் கொடுத்தே பயிற்சிக் காலத்தைக் கழிப்பதும் நடக்கிறது. சான்றிதழ் கையில் வரும். தொழில் கையில் வராது.

தேர்வு நடக்கும் விதம்

வழிமுறை தெரிந்தால்தான் எங்கே தடுக்கி விழுகிறோம் என்பது புரியும். கலைத்துறை நிறுவனங்களில் பெரும்பாலும் நான்கு படிகள்.

முதற்படி விண்ணப்பம். மின்னஞ்சலில் ஒரு கடிதம், படிப்பு விவரம், கல்லூரியின் கடிதம். இவற்றைவிட முக்கியமானது, ‘போர்ட்போலியோ’ என்று பிள்ளைகள் சொல்கிற வேலைத் தொகுப்பு. தான் வரைந்ததிலும் படம் பிடித்ததிலும் நல்லதாகப் பத்துப் பதினைந்தைப் பொறுக்கி ஒன்றாகக் கோத்து அனுப்புவது அது. ஆசிரியர் வேலைக்குச் சான்றிதழ் எப்படியோ, இந்தத் தொழிலுக்கு வேலைத் தொகுப்பு அப்படி.

இரண்டாம் படி சோதனை வேலை. “இந்தப் பொருளுக்கு ஒரு விளம்பரம் வரைந்து காட்டு”, “இந்தக் கதையை ஆறு கட்டங்களில் வரை” என்று கேட்பார்கள். எல்லா நிறுவனங்களும் கேட்பதில்லை.

மூன்றாவது நேர்முகத் தேர்வு. இப்போது பல இடங்களில் கைத்தொலைபேசியிலேயே முகம் பார்த்து நடத்திவிடுகிறார்கள். சில இடங்களுக்கு நேரில் போகவேண்டும்.

நான்காம் படி பதில். சிக்கலெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள்?

இப்படி விண்ணப்பம் போட்ட பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்து குறைகளைச் சொல்வார்கள்.

ஒன்று: பதிலே வருவதில்லை. ‘இல்லை’ என்ற ஒரு வார்த்தையாவது வந்தால் அடுத்த இடத்துக்குப் போகலாம். அதுவும் வராமல் வாரக்கணக்கில் காத்திருக்கிறோம் என்பார்கள்.

இரண்டு: பதில் வந்தாலும் காரணம் வருவதில்லை. ‘தாங்கள் தேர்ந்தெடுக்கப்படவில்லை, வாழ்த்துகள்’ என்று இரண்டு வரி. எது குறை என்று தெரியாமல் அதே தொகுப்பை அடுத்த நிறுவனத்துக்கும் அனுப்புகிறார்கள். அங்கும் அதே முடிவு.

மூன்று: சோதனை வேலை அளவுக்கு மிஞ்சிப் போகிறது. ஒரு மாலை நேரத்தில் முடிகிற வேலையென்றால் சரி. ஒரு வாரம் விழித்துச் செய்யவேண்டிய வேலையைக் கேட்டுவிட்டு, கொடுத்த பிறகு பேச்சு மூச்சே இல்லையென்றால் மனம் நோகாதா?

நான்கு: உதவித்தொகை எவ்வளவு என்பதைக் கடைசி வரையில் சொல்வதில்லை. பட்டணத்துப் பிள்ளை வீட்டிலிருந்தே போய்வரும். தோட்டத்துப் பிள்ளை அறை வாடகை, பேருந்துச் செலவு, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்க்கவேண்டும்.

ஐந்து: நேர்முகத் தேர்வை ‘நாளைக் காலை ஒன்பது மணிக்கு’ என்று முதல் நாள் சாயங்காலம் சொல்கிறார்கள். தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு வரவே வண்டி தேடவேண்டிய பிள்ளை எப்படிப் போய்ச் சேரும்? கைத்தொலைபேசியில் நடக்கும் தேர்வானாலும், அலைவரிசை கிடைக்காத லயத்தில் பாதிப் பேச்சு அறுந்து போகிறது.

இவை சோம்பேறிகளின் சாக்குப்போக்கு அல்ல. நடைமுறையில் உள்ள குறைகள். சொன்னால் திருத்தக் கூடியவை.

தராசு இல்லாத நிறுவை

நம் வேலைக்காட்டிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். பால் வெட்டிச் சுமந்துகொண்டு ஸ்டோருக்குப் போகிறீர்கள். நிறுவை நடக்கிறது. எத்தனை கிலோ என்று கிராணி புத்தகத்தில் எழுதுகிறார். தண்ணீர் கலந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடுகிறது. முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். செம்பனைக் காட்டில் மண்டோர் குலையைப் புரட்டிப் பார்க்கிறார். காய்க்குலையை வெட்டிப் போட்டிருந்தால், ‘இது பழுக்கவில்லை’ என்று காட்டுகிறார். அந்த நேரத்தில் நமக்கு வருத்தம்தான். ஆனாலும் நாளைக்கு எந்தக் குலையை விடவேண்டும், எதை வெட்டவேண்டும் என்று தெரிந்துகொள்கிறோம்.

ஒரு நாள் கிராணி பாலை வாங்கி ஊற்றிக்கொண்டு, எடையும் சொல்லாமல், புத்தகத்திலும் எழுதாமல் ‘போ’ என்றால் நாம் போய்விடுவோமா? ஸ்டோர் வாசலிலேயே நின்று கேட்போமா மாட்டோமா?

நம் பிள்ளையின் படமும் உழைப்புத்தான். அதை வாங்கிப் பார்த்தவர்கள் என்ன எடை போட்டார்கள் என்று மரியாதையாகக் கேட்பதில் தவறு இல்லை. அது பிச்சை கேட்பது ஆகாது. சண்டைக்குப் போவதும் ஆகாது.

காரணம் தெரியாத ‘இல்லை’ செய்யும் கேடு

பதில் வராத பிள்ளை சும்மா இருப்பதில்லை. பதிலைத் தானே எழுதிக்கொள்கிறது. “எனக்குத் திறமை இல்லை” என்று ஒரு பிள்ளை எழுதிக்கொள்ளும். “நான் தோட்டத்துப் பிள்ளை, அதனால்தான்” என்று இன்னொன்று எழுதிக்கொள்ளும். “நம் இனத்தவருக்கு அங்கே இடமில்லை” என்று வேறொன்று முடிவு கட்டும். அப்புறம் வரைபலகை பரணுக்குப் போகும். பிள்ளை தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போகும். தொழிற்சாலை வேலை தாழ்ந்தது என்று சொல்ல வரவில்லை. தெரியாத ஒரு காரணத்துக்காக, தெரிந்த ஒரு திறமையைப் புதைப்பதுதான் கொடுமை.

‘இல்லை’ என்ற ஒரே சொல்லுக்குள் பல பொருள் உண்டு. இருந்த இரண்டு இடமும் போன வாரமே நிரம்பிவிட்டது என்பது ஒரு ‘இல்லை’. கல்லூரிக் கடிதத்தைச் சேர்க்க மறந்துவிட்டாய் என்பது இன்னொரு ‘இல்லை’. நாங்கள் அசையும் படம் செய்கிறோம், நீ அனுப்பியதோ அட்டைப்படம் என்பது வேறொரு ‘இல்லை’. கைப்பயிற்சி இன்னும் போதாது என்பதும் ஒரு ‘இல்லை’. ஆள் பார்த்து, பெயர் பார்த்து ஒதுக்கிய ‘இல்லை’யும் உலகத்தில் உண்டு, அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் எது எது என்று கேட்காமல் எப்படித் தெரியும்? முதல் ஒன்றுக்கு மருந்து வேறு நிறுவனம். இரண்டாவதுக்கு மருந்து ஒரு காகிதம். நான்காவதுக்கு மருந்து ஆறு மாதப் பயிற்சி. நோய் தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது.

லாட் கேட்ட வேலையும் கிடைத்த வேலையும்

நம் நாட்டில் லாட் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் இருக்க முடியாது. முகமட் நோர் காலிட் என்பது அவருடைய முழுப் பெயர். 1951-ல் பிறந்து, பேராக் கம்பத்துச் சூழலில் வளர்ந்தவர். பள்ளிக்கூடப் பையனாக இருக்கும்போதே, 1964-ல் அவருடைய முதல் சித்திரக் கதைப் புத்தகம் அச்சில் வந்துவிட்டது.

அப்படிப்பட்டவர் பள்ளிப் படிப்பை முடித்துக் கோலாலம்பூருக்கு வந்து, பத்திரிகையில் படம் வரையும் வேலை கேட்டார். படம் வரைய ஆள் தேவையில்லை என்றார்கள். ஆனால் ‘பெரித்தா ஹரியான்’ பத்திரிகையில் குற்றச் செய்தி சேகரிக்கும் நிருபர் வேலை இருக்கிறது என்றார்கள். ஒப்புக்கொண்டார். பகலில் செய்திக்கு ஓடினார், வரைவதை விடவில்லை. மலாய்ச் சிறுவர்களின் சுன்னத்துச் சடங்கைப் பற்றி அவர் வரைந்த படங்கள் வெளிநாட்டு இதழ் ஒன்றில் வந்தன. அதைப் பார்த்த பிறகுதான், தங்கள் கூரையின் கீழேயே இப்படி ஓர் ஓவியர் இருப்பது மேலிடத்தின் கண்ணில் பட்டது. 1974-ல் ‘நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ அவரைக் கேலிச்சித்திரக்காரராக ஆக்கியது. 1979-ல் ‘கம்போங் பாய்’ புத்தகம் வெளிவந்தது. பிறகு நடந்ததை நாடறியும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, அவருக்குக் கிடைத்த ‘இல்லை’ எத்தகையது என்பதுதான். ‘இடமில்லை’ என்றார்களே தவிர ‘திறமையில்லை’ என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் தெரிந்ததால் பக்கத்துக் கதவில் நுழைய முடிந்தது. நம் பிள்ளைகளுக்கும் அந்த வித்தியாசம் தெரியவேண்டாமா?

நிறுவனத்தின் பக்கமும் பாருங்கள்

ஒரு பக்கம் மட்டும் பேசினால் நியாயமாகாது. கலைத்துறை நிறுவனங்களில் பல, கடைவீட்டு மாடியில் நாலைந்து பேர் வைத்து நடத்துகிறவை. விண்ணப்பங்களைப் பார்ப்பதற்கென்று தனி ஆள் கிடையாது. பகலெல்லாம் வாடிக்கையாளர் வேலையை முடித்துவிட்டு, இரவில் முதலாளியே திறந்து பார்க்கிற இடமும் உண்டு. கல்லூரிகள் ஒரே மாதத்தில் பிள்ளைகளை அனுப்புவதால் விண்ணப்பங்கள் குவிகின்றன. காரணம் எழுதிக் கொடுத்தால், அதைப் பிடித்துக்கொண்டு வாதாட வருவார்களோ என்ற அச்சமும் சிலருக்கு உண்டு.

காரணம் சொல்லியே தீரவேண்டும் என்று நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் சட்டமும் இங்கே இல்லை. ஆகவே கேட்கும் முறையில்தான் இருக்கிறது காரியம். சுருக்கமாக, பணிவாக, பதில் எழுத இரண்டு நிமிடம் போதும் என்கிற மாதிரி கேட்டால், பதில் சொல்ல மனமுள்ளவர்கள் சொல்வார்கள். பத்துப் பேரிடம் கேட்டு இரண்டு பேர் சொன்னாலும் அது பிள்ளைக்கு முதல்தான்.

எப்படிக் கேட்பது?

விண்ணப்பம் போட்டு இரண்டு வாரம் ஆகியும் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டலாம். ‘இல்லை’ என்று பதில் வந்துவிட்டால், இரண்டு மூன்று நாளுக்குள் நன்றி சொல்லிக் காரணம் கேட்கலாம். சூடு ஆறிய பிறகு எழுதச் சொல்லுங்கள். கோபத்தில் எழுதிய கடிதம் நமக்கே வினையாகும். மலாயிலோ ஆங்கிலத்திலோ பிள்ளையே தன் நடையில் எழுதட்டும். பொருள் இப்படி இருந்தால் போதும்:

“மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர், என் விண்ணப்பத்தைப் பார்த்துப் பதில் அனுப்பியதற்கு நன்றி. இந்தத் தொழிலையே நான் கற்க விரும்புகிறேன். அடுத்த முறை திருத்திக்கொள்ள மூன்று விஷயங்களைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும். என் தொகுப்பில் எது நன்றாக இருந்தது? எது குறை? மறுபடி விண்ணப்பிக்க உகந்த மாதம் எது? ஓரிரு வரியில் பதில் தந்தாலும் போதும்.”

அவ்வளவுதான். ‘ஏன் என்னை எடுக்கவில்லை?’ என்று கேட்டால் அவர்கள் தங்கள் முடிவுக்குச் சமாதானம் தேடுவார்கள். ‘எதைத் திருத்தலாம்?’ என்று கேட்டால் ஆசிரியராக மாறிவிடுவார்கள். கேள்வி ஒன்றுதான், கேட்கும் விதம் வேறு.

வந்த பதிலை எப்படிப் படிப்பது என்பதும் தெரியவேண்டும். ‘அடிப்படை வரைவு போதாது’ என்றால், கை, கால், உட்காருதல், குனிதல் இவற்றை நேரில் பார்த்து வரைந்து பழகவேண்டும் என்று பொருள். பல பிள்ளைகளின் தொகுப்பைத் திறந்தால் சினிமா நட்சத்திரங்களின் முகமாகவே இருக்கிறது. அழகாகத்தான் இருக்கும், ஆனால் புகைப்படத்தைப் பார்த்து எழுதிய முகத்தை வைத்து, அசையும் படம் செய்கிறவர் எதையும் தீர்மானிக்க முடியாது. ‘உன் சொந்தக் கதை எங்கே?’ என்று கேட்டால் அதற்கும் வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் மரம் வெட்டும் அம்மா, நீண்ட கம்பில் அரிவாளைப் பூட்டிக் குலையை இறக்கும் அப்பா, திருவிழாவில் காவடி தூக்கும் மாமா, சம்பள நாளில் கூடும் கடைத்தெரு! லாட் தம் கம்பத்தை வரைந்துதான் உலகத்துக்குப் போனார். நம் தோட்டத்தை நம் பிள்ளை வரையாவிட்டால் வேறு யார் வரைவது?

ஏமாறாமல் இருக்க

சோதனை வேலை பற்றி ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. பொதுவாக, படம் வரைந்தவருக்கே அதன் உரிமை. பதிவு செய்தால்தான் உரிமை என்பது இல்லை. ஆனால் ஒருவர் கேட்டுச் செய்துகொடுத்த வேலையில், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், உரிமை கேட்டவருக்குப் போய்விடும். ஆகவே சோதனை வேலையை அனுப்பும்போது, ‘இது தேர்வுக்காக மட்டும் வரைந்தது, வேறு வகையில் பயன்படுத்துவதானால் என் அனுமதி வேண்டும்’ என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். படத்தின் மூலையில் பெயரும் தேதியும் இருக்கட்டும். நல்ல நிறுவனம் இதைக் கண்டு கோபிக்காது.

உதவித்தொகையை முன்னதாகவே கேட்கலாம். தோட்டத்தில் நமக்குள்ள குறைந்தபட்சச் சம்பளம் 2025-ல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. படிப்பின் பகுதியாகப் பயிற்சிக்குப் போகிற மாணவருக்கு அது பொருந்தாது என்பதை மறந்துவிடாதீர்கள். ஆனால் டேலண்ட் கோர்ப் என்ற அரசாங்க அமைப்பு, முறையான பயிற்சி அளிக்கும் நிறுவனங்களுக்கு வரிச்சலுகை கிடைக்க வழி செய்கிறது. மாணவருக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுப்பது அந்தத் திட்டத்தின் நிபந்தனைகளில் ஒன்று. ‘உங்கள் நிறுவனம் அந்தத் திட்டத்தில் இருக்கிறதா?’ என்று பிள்ளை தாராளமாகக் கேட்கலாம்.

அடையாள அட்டை நகல் கேட்டால், அதன் குறுக்கே ‘பயிற்சி விண்ணப்பத்துக்கு மட்டும்’ என்று எழுதிக் கொடுங்கள். 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம்மைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் விவரங்களைக் காட்டும்படி கேட்க நமக்கு உரிமை தருகிறது. பயிற்சி இடம் தருவதற்கு முன்பணம் கட்டு என்று யாராவது கேட்டால், அந்தப் பக்கமே போகவேண்டாம்.

நாமும் சொல்லவேண்டும்

காரணம் கேட்பது பாதிதான். தேர்வு நடந்த விதம் எப்படி இருந்தது என்று பிள்ளையும் சொல்லவேண்டும். இது மறுபாதி. இடம் கிடைத்த பிள்ளையும் சொல்லவேண்டும். கிடைக்காத பிள்ளையும் சொல்லவேண்டும். ‘நேர்முகத் தேர்வுக்கு மூன்று நாள் முன்னதாகத் தெரிவித்தால் வெளியூர்ப் பிள்ளைகள் வர வசதியாக இருக்கும்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். நல்லதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ‘தங்கள் ஊழியர் என் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பேசியது பெரிய ஊக்கம்.’ இப்படி எழுதினால் அதைப் படிக்கிறவரும் மனிதர்தானே!

அதே விவரத்தைக் கல்லூரியில் தொழிற்பயிற்சிக்குப் பொறுப்பான விரிவுரையாளரிடமும் கொடுக்கவேண்டும். எந்த நிறுவனம் பதில் சொன்னது, எது ஒரு வாரம் வேலை வாங்கிக்கொண்டு மௌனமானது, எங்கே உண்மையில் தொழில் கற்றுக் கொடுக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தால்தான் அடுத்த ஆண்டுப் பட்டியல் சுத்தமாக இருக்கும். நம் பிள்ளை பட்ட சிரமத்தைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை படவேண்டியதில்லை. ஆனால் ஊரறிய நிறுவனத்தின் பெயரைப் போட்டு வசைபாட வேண்டாம். உண்மையாகவே அநியாயம் நடந்திருந்தாலும், உரியவரிடம் தேதியோடும் சான்றோடும் சொல்வதுதான் பலமான வழி.

சொல்வதால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் ஒருவனின் கதையைச் சொல்லும் படம் ‘ஜகாட்’. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-ல் வெளிவந்தது. 2016-ல் நடந்த 28-வது மலேசியத் திரைப்பட விழாவில் அதை முதலில் தேசிய மொழியல்லாத படங்களுக்கான தனி வரிசையில் வைத்தார்கள். தேர்வு முறை சரியில்லை என்று திரைத்துறையிலிருந்தே குரல் எழுந்தது. நம்மவர்கள் மட்டுமல்ல, மலாய்க் கலைஞர்களும் பேசினார்கள். ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம் தாம் பெற்ற விருதுகளைத் திருப்பித் தருவதாகவே அறிவித்தார். முறை மாறியது. ‘ஜகாட்’ சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்றது. தேர்வு முறை யாரோ மேலிருந்து எழுதிய தலையெழுத்து அல்ல. மனிதர் வகுத்தது, மனிதர் எடுத்துச் சொன்னால் மாறும்.

பெற்றோர் செய்யவேண்டியது

இவ்வளவும் பிள்ளையின் வேலையாயிற்றே, எங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். உங்கள் பங்கு பெரியது. பதில் வராத நாட்களில் ‘அப்பவே சொன்னேனே’ என்ற வார்த்தை வீட்டில் வேண்டாம். நான்கு இடத்தில் ‘இல்லை’ என்று கேட்ட பிள்ளைக்கு ஐந்தாவது ‘இல்லை’ அம்மா வாயிலிருந்து வரக்கூடாது.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். எந்தத் தேதியில், எந்த நிறுவனத்துக்கு, எந்தப் படங்களை அனுப்பியது, என்ன பதில் வந்தது, என்ன காரணம் சொன்னார்கள் என்று பிள்ளை எழுதி வைக்கட்டும். கிராணி புத்தகம் போல அது பிள்ளையின் புத்தகம். பத்து வரி சேர்ந்த பிறகு இருவரும் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். மூன்று பேர் ஒரே குறையைச் சொல்லியிருந்தால் அதைத் திருத்தவேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்திருந்தால் அது சொன்னவரின் விருப்பம், விட்டுவிடலாம். மூன்று இடத்தில் ‘தாமதம்’ என்று வந்திருந்தால், அடுத்த முறை இரண்டு மாதம் முன்னதாகவே தொடங்கவேண்டும்.

எழுத்து வாசனை அதிகம் இல்லாத பெற்றோர் கூட இதைச் செய்யலாம். “இன்றைக்கு யாராவது பதில் போட்டார்களா? என்ன காரணம் சொன்னார்கள்?” என்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாலே பிள்ளைக்குத் தெம்பு வரும். தன் வேலையைக் குடும்பம் மதிக்கிறது என்பது தெரியும்.

கேட்காமல் எதுவும் கிடைக்காது என்பது தோட்டத் தொழிலாளிக்குப் புதிய பாடமல்ல. சம்பளத்தைக் கேட்டுத்தான் உயர்த்தினோம். தமிழ்ப்பள்ளிக் கட்டடத்தையும் கேட்டுத்தான் வாங்கினோம். இப்போது நம் பிள்ளை கேட்கப்போவது ஒரு காரணம். இரண்டு வரிக் காரணம். அதைத் தலைநிமிர்ந்து, கைகூப்பிக் கேட்கக் கற்றுக் கொடுப்போம்!